தேனுவின் முடிக்கு நான் எழுதிய காரணம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி நிர்வாகி கேட்டபோது, பிழைதிருத்தக் குறியீடுகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவற்றை நீங்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவீர்கள். பதுளையில் இந்தச் சிறுவர் நூல் பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் கதைகளைச் செம்மைப்படுத்தியதில் நான் விட்ட பிழைகள் நிறைய. பெரும்பாலானவற்றை வாசகர்கள் மன்னித்துவிட்டார்கள், அல்லது கவனிக்கவில்லை. ஒன்று மட்டும் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். நடந்து ஒரு வருடமாகிறது.

பிழை ஆறே சொற்கள். அந்த ஆறு சொல்லும் ஏன் அவ்வளவு இலகுவாக என் பென்சிலிலிருந்து வந்தன என்று புரிய வேண்டுமானால் முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும்.

நான் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த பதிப்பாசிரியர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். கதையில் எது இடறினாலும் ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதி எழுத்தாளருக்கு அனுப்பு. முதல் அத்தியாயத்தில் வந்த நாய் மூன்றாம் அத்தியாயத்தில் இல்லையா? ஏன்? கொட்டுகிற மழையில் நடந்து வந்தவனின் கொப்பி நனையவில்லையா? ஏன்? நல்ல பழக்கம். எத்தனையோ கதைகளை அது காப்பாற்றியிருக்கிறது, உங்களுக்கும் கைகொடுக்கும். ஆனால் எது இடறுகிறது, எது இடறவில்லை என்பதை முடிவு செய்வது பென்சில் அல்ல, அதைப் பிடித்திருக்கிறவளின் கண். என் கண் எப்படிப்பட்டது என்று அறிய எனக்கு இருபத்தைந்து வருடம் எடுத்தது.

பெண்பிள்ளைகளின் தலைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி கதைக்குள் வந்தால் நான் ஒருநாளும் நிறுத்திக் கேட்டதில்லை. அவள் பின்னல் ஆட ஓடுவாள், ரிப்பனைத் தொலைப்பாள், அம்மாவிடம் பேச்சு வாங்குவாள். ஆனால் முடியைக் கட்டையாக வெட்டிய ஒருத்தி வந்தால் பென்சில் தானாக ஓரத்துக்குப் போய்விடும். எழுதுகிறவர்களுக்கும் அது தெரியும். நான் கேட்கும் முன்பே காரணத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். காய்ச்சலில் கிடந்து எழும்பியவள். பேன் தொல்லைக்கு வெட்டப்பட்டவள். பையனாக வேடம் போட்டு ஊரைவிட்டு ஓடியவள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்து சாப்பாட்டைக் குறை சொல்கிறவள். அவளுக்குத் திமிர்தான் காரணம். பெரியவர்களுக்கான கதையென்றால் பொலிஸ் அதிகாரி, அல்லது புருஷனை இழந்தவள், அல்லது குடும்பத்துக்கு ஆகாதவள். காய்ச்சல்காரிக்குக் கடைசி அத்தியாயத்தில் முடி வளர்ந்து பூ வைத்துவிடுவார்கள். திமிர்க்காரி திருந்தியதும் முதல் வேலையாக முடி வளர்ப்பாள். நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டு அனுப்பினேன். ஒருத்தி கட்டை முடியோடு கதைக்குள் வந்து, தன் வேலையைப் பார்த்துவிட்டு, அதே கட்டை முடியோடு கதையை விட்டுப் போனதாக எனக்கு நினைவே இல்லை.

நம் ஓவியர் நிஸாமை உங்களுக்குத் தெரியும், பண்டாரவளையிலிருந்து படம் வரைந்து அனுப்புகிறவர். பல வருடங்களுக்கு முன் ஒரு வகுப்பறைப் படத்தில் முன்வரிசைச் சிறுமி ஒருத்திக்குக் கட்டை முடி வரைந்திருந்தார். பையனா பெண்ணா தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினேன். தோடு போட்டு அனுப்பினார். தோடு தெரியவில்லை, பெரிதாக்கவும் என்று மறுபடி அனுப்பினேன். அன்று மாலை ஃபோன் எடுத்தார். "அக்கா, இதுக்கு மேல பெருசாக்கினா புள்ள தோட்டைத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்கணும்" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் பேசாமல் ஒரு பின்னல் வரைந்து அனுப்பினார். எனக்குத் திருப்தி. அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

இனி என் மகளைச் சொல்கிறேன். நிரோஷா. போன வருடம் அவளுக்குப் பதினேழு, உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதியோடு டவுனுக்குப் போனவள் தலைமுடியைக் காதுக்கு மேல் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஏன் என்று கேட்டேன். "புடிச்சிருந்துச்சும்மா, வெட்டினேன்" என்றாள். நான் நம்பவில்லை. அவள் அப்பா கொழும்பில் வேலை செய்கிறார், மாதத்தில் இரண்டு முறைதான் வருவார். வீட்டில் நானும் அவளும்தான். எனக்குள் என்னென்னவோ ஓடியது. யாராவது ஏதாவது சொன்னார்களா? பரீட்சைப் பயமா? யாரோடாவது பழகி அது முறிந்துபோனதா? அவள் சிநேகிதிகளிடம் விசாரித்தேன். கொப்பிகளைப் புரட்டினேன். குளித்துவிட்டு வரும்போது கைகளில் காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று வாரம் தினமும் ஏதாவது ஒரு விதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரு கட்டத்தில் அவள் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஹாலிஎலவில் இருக்கும் என் கணவரின் அண்ணி ஃபோன் எடுத்தார். யாரோ டவுனில் நிரோஷாவைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்திருந்தோம் அக்கா, மொட்டை போட்டோம், இப்போது வளர்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அக்காவுக்கும் சந்தோஷம். தன்னைக் கூட்டிப் போகவில்லையே என்ற குறையோடு, திருநீறாவது கொடுத்து அனுப்பு என்றார். பதுளைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, பிரித்து, பழைய தாளில் மடித்துக் கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது நிரோஷாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவி, முருகன் புண்ணியத்தில் இனி அடர்த்தியாக வளரும் என்றார். நிரோஷா என்னை ஒரு தடவை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நாட்களில்தான் பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கதை வந்தது. எழுதியவர் பெயர் புனிதவல்லி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவர். பாடசாலைக் கொப்பி ஒன்றில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது. பெரியவர்கள் யார் போய்ப் பார்ப்பது என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தேனு என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே மலையேறி, அதை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய தவளையைக் கண்டுபிடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. தேனு அறிமுகமாகும் இடத்தில் இப்படி இருந்தது: 'தேனுவின் முடி காதுக்கு மேலே கட்டையாக நின்றது. பூனாகலைக் காற்றுக்கு அவளுடைய காதுகள்தான் முதலில் குளிரும்.'

நம் பதிப்பகத்தில் ஒவ்வொரு நூலையும் ஒரு பிள்ளை வாசித்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவோம். ஒன்பது வயதிலிருந்து அந்த வேலையை நிரோஷா செய்துவந்தாள். வயது ஏறிய பிறகும் விடவில்லை. எங்கே அலுப்பாக இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் காது வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரித்தாள். "உண்மைதாம்மா, காதுதான் குளிருது" என்றாள். வாரக்கணக்கில் என்னோடு சரியாகப் பேசாதிருந்தவள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பதிப்பகக் கந்தோரில் என் மேசையில் உட்கார்ந்து அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஏன்?' என்று எழுதினேன். முறைப்படி அதைப் புனிதவல்லிக்கு அனுப்பியிருக்கவேண்டும். அச்சுக்கான நாள் நெருங்கியிருந்தது. அங்கே ஃபோன் சிக்னல் சரியில்லை, கடிதம் போய்ச் சேரத் தாமதமாகும். அதோடு, தோட்டத்து எழுத்தாளர்களுக்கு அச்சுக்கு முந்திய புரூஃப் அனுப்புவதில்லை என்பது யாரும் எங்கும் எழுதிவைக்காத ஒரு வழக்கமாக நம்மிடம் இருந்தது. அவர்கள் புத்தகம் வந்தால் போதும் என்றிருப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டோம். ஆகவே என் கேள்விக்கு நானே பதில் எழுதினேன். காது வரியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் போட்டேன்: 'கதிர்காமத்தில் மொட்டை போட்ட முடி இப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது.'

வீட்டில் ஆக்கிவைத்திருந்த பொய்யைக் கொண்டுபோய்க் கந்தோரில் பரிமாறியிருக்கிறேன். அப்போது அது பொய் என்றே படவில்லை. கதை நேராகிவிட்டது என்றுதான் பட்டது.

கடைசிப் புரூஃபை வெள்ளிக்கிழமை மாலை நிரோஷாவிடம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை அவள் டியூஷனுக்கென்று கிளம்பிப் போயிருந்தாள், புரூஃப் வீட்டில் என் மேசையில் இருந்தது. எங்கும் ஒரு கோடுகூட இல்லை. அந்த ஆறு சொல்லைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுத்துப்பிழை தேடினேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். பிழை இல்லை. கவனக்குறைவாகப் போட்டிருப்பாள் என்று வட்டத்தை அழித்து, கையெழுத்து வைத்து, ஒன்பது மணிக்கு அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். தொழில் ஒருவரை எவ்வளவு குருடாக்கும் என்று யாராவது கேட்டால் நான் அந்த வட்டத்தைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடியும். ஒரு மணிக்கும் அவள் வரவில்லை. ஃபோன் எடுத்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தக் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. டியூஷன் ஆசிரியருக்கு எடுத்தேன். இன்று அவள் வரவே இல்லையே என்றார்.

அந்த நிமிடத்தை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. நாலு பக்கமும் ஓடவேண்டும் போலிருந்தது. பொலிஸுக்கு, பஸ் நிலையத்துக்கு, ஆற்றங்கரைக்கு. கணவருக்கு எடுத்தபோது அவர் இப்போதே கிளம்புகிறேன் என்றார். அவர் வந்து சேர ஏழு மணித்தியாலமாவது ஆகும். நான் வாசலில் நின்று என்னையே அதட்டிக்கொண்டேன். உனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, அதைச் செய். ஒரு பாத்திரம் இப்போது எங்கே போயிருக்கும் என்று பக்கத்தைப் பார்த்துச் சொல், உன் பயத்தைப் பார்த்துச் சொல்லாதே.

அவளுடைய மேசைக்குப் போனேன். புத்தகங்கள் எல்லாம் இருந்தன. பிறகு என் மேசைக்கு வந்தேன். புரூஃபோடு ஒப்பிட நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புனிதவல்லியின் கொப்பி இல்லை. அதன் அட்டையில்தான் விலாசம் எழுதியிருந்தது. ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அதை யாரிடமோ கொடுக்கத்தான் போகிறாள். அப்போதுதான் அந்த வட்டம் என்னவென்று எனக்குப் புரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மாவை எங்கள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பண்டாரவளை பஸ்ஸுக்கு நிற்கும்போது அச்சகத்துக்கு எடுத்தேன். மெஷின் ஓட்டும் ரவி அண்ணன் ஃபோனைத் தூக்கினார். முதல் பதினாறு பக்கத்துக்கான பாரம் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் சத்தம் கேட்டது.

"அண்ணே, நிப்பாட்டுங்க."

"என்ன மிஸ், படம் தலைகீழா?"

"இல்ல. நிப்பாட்டுங்க."

"மிஸ், நிர்வாகி கேப்பாரு. நான் ஒரு காரணம் சொல்லணுமே."

நான் கையெழுத்து வைத்துக் கொடுத்த புரூஃப் அது. "பொறுப்பு என்னோடது, நிப்பாட்டுங்கண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பண்டாரவளையில் நிஸாம் தன் தம்பியின் ஓட்டோவோடு காத்திருந்தார், பஸ்ஸிலிருந்து நான் சொல்லியிருந்தேன். போகும் வழியில் விஷயத்தைச் சொன்னபோது, படம் வரையும்போதே அந்த வரி தனக்கு இடித்தது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலயே அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

பாதை ஏற ஏற பனி இறங்கியது. நான் கதவோரத்தில் உட்கார்ந்து ஒரே யோசனையில் இருந்தேன். புனிதவல்லிக்கும் கட்டை முடிதான் இருக்கும். தன்னைத்தான் தேனுவாக எழுதியிருப்பார். தோட்டத்தில் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பார், அதையெல்லாம் எழுதாமல் விட்டிருப்பார். இப்படி நானே ஒரு கதை கட்டி, அதற்காக மன்னிப்பும் தயார் செய்துகொண்டேன்.

பிள்ளைக்காம்பரா வாசலில் ஓட்டோ நின்றது. உள்ளே பாயில் நிரோஷா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு குழந்தை அவள் தலையைப் பிடித்து இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் கை வழுக்கிக்கொண்டே இருந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழும்பவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

புனிதவல்லி எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்துக்கு மேலே இரண்டு கைப்பிடி அளவுக்குப் பெரிய கொண்டை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. அவர் கொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மிஸ், சிலந்தி ஏதும் இருக்கா?"

"இல்ல… நான் நெனச்சேன் நீங்களும்…"

"அவிழ்த்தா இடுப்புக்குக் கீழ வரும் மிஸ். ஆசையா வளர்க்குறேன்."

"அப்ப தேனுவுக்கு மட்டும் ஏன்…"

வாயிலிருந்து வந்துவிட்டது. என் மகளைத் தேடிக்கொண்டு மூன்று மணித்தியாலம் அலைந்து வந்து நின்றும் அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. நிரோஷா குனிந்துகொண்டாள். புனிதவல்லி சிரிப்பை நிறுத்தினார்.

"நீட்டு முடின்னு எழுதியிருந்தா ஏன்னு கேட்டிருப்பீங்களா மிஸ்?"

பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மெதுவாகப் பேசினார். லயத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லவேண்டியிருக்கிறது. ஏன் நேற்று வேலைக்கு வரவில்லை, ஏன் இந்தப் புள்ளையை மேலே படிக்கவைக்கிறாய், ஏன் இன்னும் கட்டிக்கொடுக்கவில்லை. ஒருத்தியாவது யாருக்கும் காரணம் சொல்லாமல் மலையேறிப் போகட்டும் என்றுதான் தேனுவை எழுதினாராம். "அவளையும் நேர்த்திக்குக் கொண்டு போயிட்டீங்க" என்றார்.

பிறகு நிரோஷா பேசினாள். சத்தம் போடவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"பெரியம்மாகிட்ட சொன்னத நான் விட்டுட்டேம்மா. பயந்து சொன்னீங்க, பரவாயில்லன்னு விட்டுட்டேன். தேனு நம்ம வீட்டுப் புள்ளகூட இல்லயே. அவளையும் விடலயே நீங்க."

பாயில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். மன்னிப்பாக நான் தயாரித்து வந்ததெல்லாம் வேறொரு புனிதவல்லிக்கு, வேறொரு மகளுக்கு. ஆகவே நடந்ததை மட்டும் சொன்னேன். வட்டத்தைப் பார்த்தேன், எழுத்துப்பிழை தேடினேன், அழித்துவிட்டேன். அச்சு நின்றிருக்கிறது. அந்த வரி போய்விடும். காது வரி இருந்தபடி வரும், புனிதவல்லி வேறு மாதிரி விரும்பினால் அவர் சொல்கிறபடி வரும்.

நிரோஷா நிமிர்ந்தாள். "எப்ப நிப்பாட்டினீங்க?"

"பதுள பஸ் ஸ்டாண்ட்ல."

"அப்ப நான் இங்க இருக்கேன்னு தெரியுமா?"

"தெரியாது. நீ இங்க இருப்பேன்னு நெனச்சேன், அவ்வளவுதான்."

தன்னைக் கண்டுபிடித்த பிறகு சமாதானத்துக்காகச் செய்ததா, அதற்கு முன்பே செய்ததா என்று அவள் கணக்குப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "இத கொஞ்சம் பிடிங்க, கால் மரத்துப் போச்சு" என்றாள்.

புனிதவல்லி எங்களுக்குத் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். காலையில் நிரோஷா வந்து கொப்பியை நீட்டியபோது தோட்டத்துக் கந்தோரிலிருந்து எனக்கு ஃபோன் எடுக்கலாமா என்று கேட்டதாகவும், பின்னேரம் தானே எடுப்பதாக அவள் சொன்னதாகவும் சொன்னார். அவள் ஃபோன் பேட்டரி ஹாலிஎல தாண்டும்போதே செத்துவிட்டதாம். என் உயிரைக் குடித்த அந்த மூன்று மொழிக் குரலுக்குப் பின்னால் இருந்தது அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன், இன்றைக்கும் அந்தக் குரலைக் கேட்டால் பாதியிலேயே ஃபோனை வைத்துவிடுகிறேன். அது போகாது போலிருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில், தெமோதரைக்குக் கிட்ட, ஹாலிஎல அக்கா ஃபோன் எடுத்தார். என் கணவர் பதறிப்போய் அவருக்கும் சொல்லியிருக்கிறார். புள்ளை கிடைத்துவிட்டாள் என்றேன். கிடைத்ததற்கு மறுபடி ஒரு நேர்த்தி வைத்துவிடு என்றார். பக்கத்தில் நிரோஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன், முதல் நேர்த்தியே இல்லை அக்கா, அவளுக்குப் பிடித்து வெட்டிக்கொண்டாள், நான்தான் பொய் சொன்னேன். அப்படியென்றால் நான் மூன்று மாதமாக நெற்றியில் பூசிக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டார். கடையில் வாங்கியது என்றேன். நிரோஷாவின் தோள் குலுங்கியது. அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவளோடு அடுத்த நாளே பேசினார்.

திங்கட்கிழமை நிர்வாகி என்னை உட்காரவைத்து நியாயமாகத் திட்டினார். ஓடிய தாள்கள் ஒரு பக்கம் வெறுமையாக இருந்ததால் அவற்றை வெட்டிக் கட்டி, பிள்ளைகள் கிறுக்குவதற்கென்று பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பினோம். நிஸாம் தேனுவின் படத்தை மறுபடி வரைந்தார். தோடு இல்லை, கிளிப் இல்லை, காது மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. பையனா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும் படிவத்தில் 'எழுத்தாளர் புரூஃப் பார்த்தார்' என்று ஒரு வரி இருக்கும். தபால் போகாத இடமென்றால் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தாவது அனுப்புங்கள். அந்த வரி வெறுமையாக இருந்தால் நாள் எவ்வளவு நெருங்கியிருந்தாலும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

'ஏன்?' என்று எழுதுவதை விட்டுவிடச் சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் எழுதும் முன் அந்த வரியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கட்டை முடி என்று இருந்தால் நீட்டு முடி என்று போட்டு, அப்போதும் கேட்பேனா என்று பாருங்கள். கேட்கமாட்டீர்கள் என்றால் இடறுகிறது கதை அல்ல. அது உங்களுக்குள் இருக்கிறது, அதைக் கதையில் கொண்டுபோய்த் திருத்தாதீர்கள். இன்னொன்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் எழுதாதீர்கள். அவசரத்தில் நமக்குக் கிடைக்கும் பதில் எப்போதும் நம் வீட்டில் கிடந்ததாகத்தான் இருக்கும்.

புத்தகம் வந்து நாலு மாதத்தில் வெலிமடையிலிருந்து ஒரு சிறுமி கடிதம் போட்டிருந்தாள். குழாயை அடைத்தது தவளைதான் என்றால் அது எப்படி அவ்வளவு பெரிதாக வளர்ந்தது, சாப்பாடு எங்கே கிடைத்தது என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டிருந்தாள். தேனுவின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடிதத்தைப் பிரதியெடுத்து புனிதவல்லிக்கு அனுப்பினேன். தவளைக்குத்தான் இனிக் காரணம் தேடவேண்டும் என்று பதில் எழுதியிருந்தார். இப்போது இரண்டாவது கதை எழுதிக்கொண்டிருக்கிறார். அது உங்கள் கைக்குத்தான் வரும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, டவுனுக்கு வருகிறீர்களா என்று நிரோஷா கேட்டாள். எங்கே என்று கேட்காமல் செருப்பைப் போட்டேன். சலூனுக்குக் கூட்டிப்போனாள். வளர்ந்திருந்த முடியை மறுபடி கட்டையாக வெட்டச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். வெட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பாதியில் கத்தரியை நிறுத்தி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தாயிடம் உத்தரவு கேட்கிற பார்வை.

"இவ்வளவு போதுமா அம்மா? இதுக்கு மேல எடுத்தா ரொம்பக் கட்டையாயிரும்."

நிரோஷாவும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவள் தலையை இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு புரூஃபைப் பார்ப்பதுபோல நிதானமாகத்தான் பார்த்தேன்.

"இடது பக்கம் கொஞ்சம் கூடுதலா நிக்குது" என்றேன். "அதையும் எடுங்க."